ஆட்டக் கொட்டகை

அந்த மேற்கு ஜன்னலைச் சாத்திவிட்டு இதைத் திறந்து வைத்தால் நன்றாக இருக்கும், ஐயா. இந்த நேரத்துக்குக் கடற்காற்று வந்துவிடும். எதிரில் இருப்பவருக்குப் புழுக்கமாக இருந்தால் நாம் என்ன பேசினாலும் மண்டையில் ஏறாது. வாத்தியார் வேலையில் நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம் இதுதான்.

உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிரெஞ்சுக்காரன் போய் நாலு வருஷமாகிறது. வெளியே பலகையில் இன்ஸ்பெக்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். வாசலில் நிற்கிற பெரியவர் கொமிசேர் என்கிறார். நான் ஐயா என்றே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சிதம்பரநாதன். பிறந்தது சுரக்குடி. பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பயிற்சித் துறையில் விரிவுரையாளர். பாடம் நடத்துவது என் வேலையில் பாதிதான். மீதிப் பாதி, மாணவர்களைப் பொதுத்தொண்டுக்குத் தயார் செய்வது. முகாம் நடத்துவது, குழந்தைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுப்பது, நாலு பேரைக் கூட்டி ஒரு சங்கத்தைக் கட்டி மேய்ப்பது, இதெல்லாம் புத்தகத்தில் வராது. கூடவே இருந்து பழக்கவேண்டும். கோடை லீவில் பத்துப் பன்னிரண்டு பேரைக் காரைக்காலுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிடுவேன். சொந்த ஊர் என்பதால் எனக்குச் சௌகரியம்.

என்னைப் பற்றி விசாரித்திருப்பீர்கள். ஒரு மாணவனையும் நான் கைநீட்டி அடித்ததில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. என்னிடம் படித்தவர்கள் இன்றைக்கு எங்கெங்கோ பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்கள், கூட்டுறவுச் சங்கக் காரியதரிசிகள். எந்த ஊருக்குப் போனாலும் ரயிலடியில் ஒருவன் வந்து நின்று பெட்டியை வாங்கிக்கொள்வான்.

தலைமைக் குணம் என்று ஒன்று இருக்கிறது. அது எவனிடம் இருக்கிறது என்று வகுப்பில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது எல்லோரும் கெட்டிக்காரர்கள். ஏதாவது ஒன்று கெட்டுப்போகவேண்டும், அப்போதுதான் தெரியும். ஆனால் முகாமில் தானாக எதுவும் கெட்டுப்போவதில்லை, நான் ஏற்பாடு செய்கிற முகாமில் குறிப்பாக. ஆகவே நானே சிலதைக் கெடுத்து வைக்கவேண்டியிருந்தது.

முதல் தடவை திருவேட்டக்குடியில். அரிசி மூட்டைகளை வண்டிக்காரர் வீட்டில் இறக்கி வைத்துவிட்டு, அரிசி வரவில்லை என்று பிள்ளைகளிடம் சொன்னேன். முகாமில் ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்து முப்பது வாய். யார் என்ன செய்கிறார்கள் என்று பூவரச மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் நீலமேகம் என்று ஒருவன். நல்ல உயரம், ஊதல் ஊதினால் கடல்வரை கேட்கும். நேரே என்னிடம் வந்து, “சார், குப்பத்துல கேட்டுப் பாக்கட்டுங்களா?” என்றான். கேள் என்றேன். போய் அரிசியும் மீனுமாக வந்தான். அன்றிலிருந்து அவன் என் வலது கை. இப்போது ஆராய்ச்சி மாணவனாக என்னிடமே இருக்கிறான்.

அடுத்தது அப்துல் லத்தீப். நல்ல பையன், கொஞ்சம் வீட்டு நினைப்பு அதிகம். முகாமின் கடைசி நாள் விளையாட்டுப் போட்டிக்கு அவன்தான் பொறுப்பு. ஆரம்பிக்கப் போகிற நேரத்தில் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்க உம்மாவுக்கு ரொம்ப முடியலையாம், ஆள் வந்து சொல்லிட்டுப் போச்சு” என்றேன். போவதா இருப்பதா என்பதை அவனுக்கே விட்டுவிட்டேன். அவன் போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சாக்கு ஓட்டத்தைத் தொடங்கி வைத்தான். பரிசு கொடுத்து முடித்த பிறகு நான் உண்மையைச் சொல்லித் தோளில் தட்டிக்கொடுத்தேன். அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறு வருஷம் அவன் தாயாருக்கு உண்மையிலேயே முடியாமல் போயிற்று. சொல்ல வந்த ஆளைப் பார்த்து அவன் சிரித்தானாம். சார் அனுப்பினாங்களா என்று கேட்டானாம். ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. வருத்தமான விஷயம்தான். ஆனால் அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை; நான் சொன்னது முந்தின வருஷம்.

மெஹர் பானு அந்த லத்தீபுக்குப் பெரியம்மா மகள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அண்ணன் முறை, நானா என்பாள்.

அவளைப் படிக்க வைத்தவனே நான்தான். அவள் தகப்பனார் ஜெகபர் சாதிக் மரைக்காயர் சைகோனில் துணிக்கடை வைத்திருந்துவிட்டு, அங்கே சண்டை முற்றியதும் திரும்பி வந்தவர். பெண் பி.ஏ. முடித்ததே போதும் என்றிருந்தார். நான் வீட்டுக்குப் போய், ஆசிரியப் பயிற்சி முடித்தால் இந்த ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு எவ்வளவு உபயோகம் என்று எடுத்துச் சொன்னேன். அவர் திரைப் பக்கம் திரும்பினார். திரைக்குப் பின்னாலிருந்து தாயார் சுல்தான் பீவிதான் பேசினார்கள். “நாங்க படிச்சவங்க இல்ல, சார். எம் புள்ளைக்கு நீங்க பொறுப்புன்னு ஒரு சொல்லு சொல்லுங்க, அனுப்பி வைக்கிறோம்.” சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவள் சன்னமாகப் பேசுவாள். கூட்டத்தில் கடைசி வரிசையில் இருப்பாள். தலைமைக்கு ஆகமாட்டாள் என்று முதல் பார்வையிலேயே முடிவு செய்து, குழந்தைகள் பக்கம் போட்டேன்.

கடற்கரைக்குப் போகிற சாலையில், குளத்தை ஒட்டி, நாங்கள் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டிருந்தோம். சிறுவர் பொழுதுபோக்கு நிலையம் என்று நான் பெயர் வைத்தேன். ஊரில் ஆட்டக் கொட்டகை என்றார்கள். மீன்காரத் தெருப் பிள்ளைகளும் மரைக்காயர் தெருப் பிள்ளைகளும் சாயங்காலம் வருவார்கள். பாட்டு, கதை, பல்லாங்குழி, கடைசியில் ஆளுக்கு ஒரு தம்ளர் பால். காசியம்மா என்று ஒரு மீன்காரப் பெண், பால் காய்ச்சிக் கொடுப்பாள். அவளுடைய சின்னப் பையன் எப்போதும் கொட்டகை மூலையில் சாக்கை விரித்துப் போட்டுத் தூங்குவான்; தாய் வராத நாளிலும் தெருப் பிள்ளைகளோடு வந்துவிடுவான்.

மெஹர் பானு அங்கே போக ஆரம்பித்த பிறகு பிள்ளைகள் இரட்டிப்பாக வந்தார்கள். நான் ஒரு சின்னச் சோதனை வைத்தேன். இனிமேல் பால் பவுடர் வராது என்று சொன்னேன். அவள் என்னிடம் வந்து வழி கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. தாய்மார்களைக் கூட்டி உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். மறுநாளிலிருந்து வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக் கஞ்சி வந்தது. கஞ்சி கொண்டுவந்த பெண்கள் கொட்டகையிலேயே உட்கார்ந்தார்கள், பாட்டுச் சொன்னார்கள், கூட்டிப் பெருக்கினார்கள். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஊராரிடம் கையேந்துவதற்குப் பெயர் தலைமை அல்ல என்று நீலமேகத்திடம் சொன்னேன். அவனும் ஆமாம் என்றான்.

பிறகு ஒரு நாள் கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள்.

“சார், லீவு முடிஞ்சு நாம போயிட்டா கொட்டகை பூட்டித்தான் கிடக்குது. இந்த வருஷம் சாவியைக் காசியம்மா அக்கா கையில குடுத்திடலாம். அவங்களே நடத்துவாங்க. நாம வந்தா ஒத்தாசையா இருப்போம்.”

யோசனையில் தவறு ஒன்றும் இல்லை. நானே வகுப்பில் இதைத்தான் சொல்லியிருக்கிறேன், தொண்டு செய்கிறவன் ஒரு நாள் விலகிக்கொள்ளவேண்டும் என்று. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மற்ற மாணவர்கள் தலையை ஆட்டினார்கள். வழக்கமாக முதலில் என்னைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் ஆட்டுவார்கள். அன்று என்னைப் பார்க்கவில்லை. நீலமேகம்கூடப் பாதி ஆட்டிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினான்.

எனக்குப் பொறாமை என்று நீங்கள் நினைக்கக்கூடாது. சந்தோஷப்பட்டேன். வரும் வெள்ளிக்கிழமையே சாவியைக் கொடுத்துவிடலாம் என்று நானே அறிவித்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் தயங்கித் தயங்கி நின்றாள். என்ன என்று கேட்டேன்.

“லத்தீப் நானா இப்பவும் யாரு என்ன சொன்னாலும் நம்புறதில்ல, சார். பாங்கு சொன்னாக்கூட வெளிய வந்து நின்னு பொழுதைப் பாத்துட்டுத்தான் பள்ளிவாசலுக்குப் போறாங்க.”

“அவனுக்கு அது ஒரு பாடம், அம்மா. நெருக்கடி வந்தாத்தான் மனுஷன் யாருன்னு தெரியும்” என்றேன்.

“பயந்துபோனவங்க செய்யிறதைப் பாத்து மனுஷனை எடை போட்டுட முடியுமா, சார்? இன்னொருத்தருக்கு இதைச் செய்யாதீங்க, சார்.”

கெஞ்சுகிற குரலில்தான் சொன்னாள். என் மாணவர்களில் ஒருவரும் அதுவரை இப்படிச் சொன்னதில்லை. இரண்டு மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய காரியத்தை இவள் கையில் ஒப்படைக்கப் போகிறோம், இவள் எப்படிப்பட்டவள் என்று நமக்கே தெரியாதே என்று தோன்றியது. பொறுப்புள்ள ஆசிரியன் அப்படி விட்டுவிட முடியாது.

எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தேன். கொட்டகைக்கு வாசல் கிழக்கே, அகலமான வாசல். சாயங்காலம் கடலிலிருந்து கொண்டல் காற்று அடிக்கும், ஆகவே பின்பக்கம் வைத்தால் நெருப்பு மேற்கே சாயும், வாசலுக்கு வராது. பக்கவாட்டில் இடுப்புயரத் தட்டிதான். குளம் இருபதடி தள்ளி. பெரிய பிள்ளைகளை நீலமேகமும் மற்றவர்களும் வெளியே சடுகுடு ஆடவைத்திருப்பார்கள். உள்ளே குழந்தைகளும் அவளும் மட்டும். பெட்ரோமாக்ஸுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். எனக்குப் புகைபிடிக்கிற பழக்கமில்லை. தீப்பெட்டிக்குத்தான் கடைக்குப் போகவேண்டியிருந்தது.

வியாழக்கிழமை அது. சாயங்காலத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம் இருக்கும். பின்பக்கம் சாய்த்து வைத்திருந்த பழைய கீற்றில் ஊற்றிப் பற்றவைத்துவிட்டு, குளக்கரையைச் சுற்றிக்கொண்டு வந்து மாணவர்களோடு நின்றுகொண்டேன்.

சித்திரை வெயிலில் காய்ந்த ஓலை எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்பதில் என் கணக்குக் கொஞ்சம் தவறிவிட்டது. அதை ஒத்துக்கொள்கிறேன். புகையைப் பார்த்து நீலமேகம் ஊதலை வாயில் வைத்தான், என்னைப் பார்த்தான். “பொறு, அந்தப் பொண்ணு என்ன செய்யுதுன்னு பாப்போம்” என்றேன். பொறுத்தான்.

உள்ளே ஒரு அலறல்கூடக் கேட்கவில்லை, ஐயா. பாட்டுச் சத்தம்தான் கேட்டது. பேரளம் ரயில் புறப்படுது, எல்லாரும் முன்னாடி இருக்கிறவங்க சட்டையைப் பிடிச்சுக்கங்க என்று அவள் சொல்வது கேட்டது. வாசல் வழியாகக் குழந்தைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, கூக்கூ என்று கத்திக்கொண்டு, வரிசையாக வந்தார்கள். முன்னால் இரண்டு பேர் சிரித்துக்கொண்டு வந்தார்கள். கூரையின் பின்பாதி அப்போது எரிந்துகொண்டிருந்தது. கடைசியில் இரண்டு கைக்குழந்தைகளை இடுக்கிக்கொண்டு அவள் வந்தாள். ரயிலைக் குளக்கரை வரை விட்டு, மரத்தடியில் நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் குழந்தைகளில் சிலர் திரும்பிப் பார்த்து அழ ஆரம்பித்தார்கள்.

இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததிலேயே சிறப்பான காரியம் அது. அதைச் சொல்லாவிட்டால் நான் ஆசிரியனே அல்ல.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். மெஹர் பானு மறுபடியும் உள்ளே போனாள். கூரை விழுந்தது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஜெகபர் சாதிக் என் வீட்டுக்கு வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “ஒரு ஏழைப் புள்ளையைக் காப்பாத்தப் போயி எம் மவ உசுரக் குடுத்து ஷஹீதாயிட்டா, சார். இந்த மனசை நீங்கதான் அவளுக்குக் குடுத்தீங்க” என்றார். எனக்கும் கண் கலங்கியது. கொட்டகை இருந்த இடத்தில் அவள் பெயரில் ஒரு கட்டடம் கட்டவேண்டும், நான்தான் அதற்குத் தலைவராக இருக்கவேண்டும் என்றார். சரி என்று சொன்னேன்.

அவர் அங்கிருந்து நேரே காசியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார். தன் மகள் யாருக்காக உயிரை விட்டாளோ அந்தப் பிள்ளையின் தாயைப் பார்த்து ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு வரவேண்டும் என்று. அவ்வளவு பெருந்தன்மையான மனிதர். பையன் வெந்து போய்விட்டான், எலும்புகூடக் கிடைக்கவில்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவன் வாசலில் நண்டு வைத்து விளையாடிக்கொண்டிருந்தானாம்.

“அன்னிக்கு நானும் எம் மவனும் ஊருலயே இல்லீங்களே, மரைக்காரே” என்றாளாம் காசியம்மா. “அவன் உள்ள இருக்கான்னு உங்க பாப்பாகிட்ட யாருங்க சொன்னது?”

நீங்களும் காலையிலிருந்து இதைத்தான் கேட்கிறீர்கள். பிள்ளைகளைக் கேட்டீர்கள், நீலமேகத்தைக் கேட்டீர்கள். அவன் சார்கிட்ட கேளுங்க என்று சொல்லியிருப்பான். கெட்டிக்காரன்.

குழந்தைகளை மரத்தடியில் விட்டுவிட்டு அவள் என்னிடம் வந்தாள். முக்காடு நழுவியிருந்தது, இருமிக்கொண்டே வந்தாள். பாராட்டவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் என் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள். என் வேட்டியைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

“மண்ணெண்ணெய் வாடை அடிக்குது, சார்” என்றாள்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மாணவர்கள் பத்தடி தள்ளித்தான் நின்றார்கள். அவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: “நாளைக்கு நீங்களே போய்ச் சொல்லிடுங்க, சார். நான் சொல்லும்படி வெச்சுடாதீங்க.”

அப்போதும் சார் என்றுதான் சொன்னாள். என் மரியாதையை எனக்கே எடுத்துக் கொடுக்கிற மாதிரி இருந்தது. யார் யாருக்கு ஆசிரியர் என்று ஒரு நிமிஷம் எனக்குக் குழப்பமாகிவிட்டது.

“காசியம்மா மகன் மூலையில தூங்கிட்டிருந்தானே” என்றேன்.

அவள் மரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே அவன் இல்லை. அவள் ரயில் விட்டுக்கொண்டு வந்த புகையில் மூலையைப் பார்த்திருக்க முடியாது. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் பொய் சொல்லக்கூடியவன் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த இடத்தில் யாரும் இல்லை. அதையும் யோசித்தாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒரு பிள்ளை விஷயத்தில் அதை நம்பி அவளால் நிற்க முடியவில்லை.

“இது பொய்யா இருக்கணும், சார்” என்று சொன்னாள். குளத்துப் படியில் முக்காட்டை நனைத்து வாயில் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அவள் கேட்டுக்கொண்டபடியே அது பொய்தான். அன்று மத்தியானம் தீப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, காசியம்மா பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்பகரத்தூர் பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்தேன். கோயிலுக்கு வேண்டுதல் என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள், அதனால்தான் அனுப்பினேன் என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவளிடம் நான் தெரிந்துகொள்ளவேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, பொய்யாக இருக்கலாம் என்று தெரிந்தும் உள்ளே போவாளா என்று; அது அப்போது தெரிந்தது. அவளைப்போல ஒருத்தி எனக்கு இனிமேல் கிடைக்கமாட்டாள். கொஞ்ச நேரம் உள்ளே அவள் பையன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. முன்பக்கக் கூரை அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தது.

மாணவர்களைக் குற்றம் சொல்லாதீர்கள், ஐயா. குடமும் வாளியும் கையில் வைத்துக்கொண்டு, குளத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி நின்றார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை பேரும் நெருப்பில் பாய்ந்திருப்பார்கள். ஒவ்வொருவனையும் தலைவனாக வரவேண்டும் என்றே பழக்கியிருக்கிறேன். நான் சொல்லாமல் எதுவும் செய்யமாட்டார்கள்.